குடல் குறைந்த குழந்தை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் டயட்டீஷியனாகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். "குடலில் பெரும்பகுதியை எடுக்க வேண்டியதாகிவிட்டது" என்று சர்ஜன் சொல்லிவிட்டுப் போன அன்று பெற்றோர் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இரண்டு நாள் போனதும் வராந்தாவில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தும் பாலும் எவ்வளவு என்பதை உங்கள் குழந்தையைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள இது உதவும்.

ஷார்ட் பவல் என்கிறார்களே, அது என்ன?

சாப்பிட்டதை உடம்பில் சேர்ப்பது சிறுகுடல். அதில் பெரும்பகுதி இல்லாமல் போய், மிஞ்சியதை வைத்துக்கொண்டு குழந்தையால் வளரவோ நீர்ச்சத்தைப் பிடித்து வைக்கவோ முடியாத நிலைக்குத்தான் ஷார்ட் பவல் சிண்ட்ரோம் என்று பெயர். ஆபரேஷனுக்குப் பிறகு 60 நாள் தாண்டியும் ரத்தக்குழாய் வழியாகவே சத்து ஏற்ற வேண்டியிருந்தால், அல்லது அந்த வயதுக்கு இருக்க வேண்டிய சிறுகுடலில் கால்பங்குகூட மிஞ்சவில்லை என்றால், இந்தப் பெயரைச் சொல்வார்கள்.

எங்கள் குழந்தைக்கு ஏன் வந்தது? கர்ப்பத்தில் நான் ஏதாவது தப்பாகச் சாப்பிட்டேனா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மா கிடையாது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் குடல் அழுகிப்போகும் நோய் ஒன்று வரும். என்.ஈ.சி. என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். வயிற்றுச் சுவரில் ஓட்டை விழுந்து குடல் வெளியே வந்தபடி பிறப்பது, குடல் ஓரிடத்தில் உருவாகாமல் அடைபட்டுப் பிறப்பது, குடல் முறுக்கிக்கொள்வது, குடலின் நரம்பணுக்கள் நீண்ட தூரத்துக்கு இல்லாமல் போவது ஆகியவை மற்ற காரணங்கள்.

குடல் முறுக்கைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும், உங்களுக்காக இல்லாவிட்டாலும் உங்கள் சொந்தத்தில் அடுத்துப் பிறக்கப்போகும் குழந்தைக்காக. பச்சிளங்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முறுக்கிய குடலுக்கு ரத்தம் போகாமல் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். "பால் ஒத்துக்கொள்ளவில்லை, கிரைப் வாட்டர் கொடுங்கள்" என்று யாரோ சொல்லி ஒரு ராத்திரி தாமதித்து வந்த குழந்தையைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை ஆபரேஷனில் மிஞ்சியது ஒரு சாண் குடல்.

எத்தனை சென்டிமீட்டர் மிச்சம் இருந்தால் பிழைக்கும்?

நிறைமாதக் குழந்தையின் சிறுகுடல், அளக்கும் முறையைப் பொறுத்து, ஒன்றரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர்வரை இருக்கும். 40 சென்டிமீட்டருக்கு மேல் மிஞ்சியிருந்தால் பெரும்பாலான குழந்தைகள் ஒருநாள் டிரிப்ஸை விட்டு வாய்வழி உணவுக்கு வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். அதற்குக் கீழே இருந்தும் வந்தவர்கள் உண்டு, நிறைய இருந்தும் திணறியவர்கள் உண்டு. ஏன் என்றால் நீளத்தோடு வேறு சில விஷயங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் சிறுகுடல் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 26 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 40 சென்டிமீட்டர் மிஞ்சினால், அது இனிமேல் வளர வேண்டிய குடலின் 40 சென்டிமீட்டர். நிறைமாதக் குழந்தையின் 40 சென்டிமீட்டரைவிட அதன் மதிப்பு அதிகம்.

இரண்டாவது, எந்தப் பகுதி போனது. சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜுனம் போனால், கடைசிப் பகுதியான இலியம் அதன் வேலையையும் கற்றுக்கொண்டுவிடும். இலியம் போனால் ஜெஜுனத்தால் அப்படி ஈடுகொடுக்க முடியாது. வைட்டமின் பி12-யும் பித்த உப்பையும் திரும்ப எடுத்துக்கொள்வது இலியத்தின் கடைசிப் பகுதி மட்டும்தான். மூன்றாவது, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் உள்ள இலியோசீக்கல் வால்வு மிஞ்சியிருக்கிறதா, பெருங்குடல் முழுதாக இருக்கிறதா என்பது. தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் தருவது பெருங்குடல்.

இந்த நான்கு விவரமும் சர்ஜனின் ஆபரேஷன் குறிப்பில் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டைப் பத்திரப்படுத்துவதுபோல வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்துப் புது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

எண்ணிக்கையாகக் கேட்பவர்களுக்கு: 2012-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்றில், 14 மையங்களில் குடல் செயலிழந்த 272 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். சுமார் 47 சதவீதம் பேர் டி.பி.என். (ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் முழு உணவு) இல்லாமல் வாழும் நிலைக்கு வந்தார்கள், 26 சதவீதம் பேருக்குக் குடல் மாற்று நடந்தது, 27 சதவீதம் பேர் இறந்தார்கள். படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அது 2000-க்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் கணக்கு. கல்லீரலைக் காக்கும் வழிகள் அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டன. நல்ல குழு உள்ள மையங்களில் இன்று பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

வெட்டி எடுத்த குடல் திரும்ப வளருமா?

எடுத்தது திரும்ப முளைக்காது. மிஞ்சியது வளரும். இதற்கு அடாப்டேஷன் என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். குடலின் உள்பக்கம் டர்க்கி டவல் மாதிரி இருக்கும். அந்த இழைகள்தான் சத்தை உறிஞ்சுபவை. ஆபரேஷன் ஆகி இரண்டு நாளுக்குள்ளேயே அவை நீள ஆரம்பிக்கின்றன. குடல் கொஞ்சம் அகலமாகிறது, உணவை மெதுவாக நகர்த்தவும் பழகுகிறது. குழந்தை உயரமாக உயரமாகக் குடலின் நீளமும் கூடுகிறது. பெரியவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. இது முதல் இரண்டு வருடம் வேகமாகவும், பிறகு சில வருடம் மெதுவாகவும் நடக்கும்.

ஆனால் சும்மா இருந்தால் நடக்காது. குடலுக்குள் உணவு படவேண்டும், பட்டினி போட்ட குடல் மெலிந்துபோகும். அதனால்தான் மலம் எவ்வளவு போனாலும் ஒரு சொட்டுப் பாலாவது உள்ளே போகட்டும் என்கிறோம்.

ஒரு அம்மா ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து பால் எடுத்து, காலையில் 60 மில்லி கொண்டு வருவார். சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 1 மில்லி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கவே 24 மில்லிதான். "இதுக்கா நான் இவ்வளவு எடுத்தேன்" என்று பம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சத்தைத் தேதி எழுதி ஃப்ரீசரில் வைக்கச் சொன்னேன். ஆறு வாரத்தில் அந்த ஃப்ரீசர் காலியானது.

அப்படியானால் குடல் மறுவாழ்வுச் சிகிச்சை என்பது என்ன? ஒரு மருந்தா, ஆபரேஷனா?

இரண்டும் அதில் வரும், ஆனால் இரண்டும் மட்டும் இல்லை. குடல் தன் வேகத்தில் வளர்ந்து வரும்வரை குழந்தையின் கல்லீரல், ரத்தக்குழாய், எடை, மூளை வளர்ச்சி எதுவும் கெட்டுப்போகாமல் காப்பாற்றி வருவதுதான் மொத்த வேலையும். குழந்தைகள் சர்ஜன், வயிறு-குடல் டாக்டர், டயட்டீஷியன், ரத்தக்குழாயில் போட்ட லைனைக் கவனிக்கும் நர்ஸ், மருந்தாளுநர், வாயால் சாப்பிடப் பழக்கும் தெரபிஸ்ட் எல்லாரும் ஒரே நோட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பாஸ்டன், டொராண்டோ போன்ற ஊர்களின் குழந்தைகள் மருத்துவமனைகளில் இதற்கென்றே தனிக் குழுக்கள் இருக்கின்றன. நம் ஊரில் பெரும்பாலும் அந்தக் குழுவை இணைக்கும் ஆள் நீங்கள்தான். ஒரு டாக்டர் மாற்றியதை அடுத்தவரிடம் சொல்வது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. இது நியாயமில்லை என்பது என் கருத்து, ஆனாலும் நிலைமை அதுதான்.

டி.பி.என். என்பது வெறும் குளுக்கோஸ் டிரிப்ஸா?

குளுக்கோஸ் டிரிப்ஸை நம்பிக் குழந்தை சில நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. டி.பி.என். பையில் சர்க்கரை, புரதத்துக்கு அமினோ அமிலம், கொழுப்பு, சோடியம், பொட்டாசியம், கால்சியம், பாஸ்பேட், துத்தநாகம், செலினியம், வைட்டமின் எல்லாம் அளந்து கலந்திருக்கும். ஒரு சாப்பாட்டுத் தட்டு முழுவதும் அந்தப் பைக்குள் இருக்கிறது. அடர்த்தி அதிகம் என்பதால் கையில் உள்ள சின்ன ரத்தக்குழாய் தாங்காது. இதயத்துக்குப் பக்கத்தில் முடியும் சென்ட்ரல் லைன் வேண்டும்.

1968-இல் பிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டுட்ரிக்கும் டக்ளஸ் வில்மோரும் சிறுகுடல் ஏறக்குறைய முழுதும் இல்லாமல் பிறந்த ஒரு குழந்தை ரத்தக்குழாய் வழி உணவிலேயே எடை கூடி வளர்ந்ததைப் பதிவு செய்தார்கள். அதற்கு முன்னால் பீகிள் நாய்க்குட்டிகளை அப்படி வளர்த்துக் காட்டியிருந்தார்கள். அந்தக் காலம்வரை இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் செய்ய ஒன்றுமே இருக்கவில்லை.

ஆரம்பத்தில் 24 மணி நேரமும் ஓடும். குழந்தையின் சர்க்கரை அளவு தாங்க ஆரம்பித்ததும் 20, 16, 12 மணி நேரம் என்று குறைப்பார்கள். இந்த இடைவேளை கல்லீரலுக்கு ஓய்வு. குழந்தையும் கயிறில்லாமல் தவழலாம்.

கண் மஞ்சளாகிறது. மஞ்சள்காமாலை மருந்துக்குக் கீழாநெல்லி கொடுக்கலாமா?

வேண்டாம். இது வைரஸால் வந்த காமாலை இல்லை. நீண்ட நாள் டி.பி.என்., குடலில் உணவு படாமல் இருப்பது, அடிக்கடி வரும் தொற்று எல்லாம் சேர்ந்து கல்லீரலில் பித்தத்தைத் தேக்குகின்றன. குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் வரும். முன்பெல்லாம் இந்தக் குழந்தைகளை இழந்ததற்குப் பெரிய காரணமே இதுதான்.

பல காலம் டி.பி.என். கொழுப்பு என்றால் சோயா எண்ணெய் மட்டும்தான். அதில் உள்ள தாவர ஸ்டெரால்கள் பித்த ஓட்டத்தைக் கெடுக்கின்றன. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சோயாவுக்குப் பதில் மீன் எண்ணெய்க் கொழுப்பைக் கொடுத்துப் பார்த்தபோது பல குழந்தைகளின் காமாலை இறங்கியது. அந்த ஒமேகாவென் மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. சோயா, தேங்காய் வகைக் கொழுப்பு, ஆலிவ், மீன் நான்கையும் கலந்த எஸ்.எம்.ஓ.எஃப். கொழுப்பும் இருக்கிறது. எதுவும் இல்லையென்றால் சோயாவின் அளவையாவது பாதியாகக் குறைப்பார்கள். உங்கள் குழந்தைக்கு எந்தக் கொழுப்பு, ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"நாங்கள் சைவம், மீன் எண்ணெய் ஏற்றலாமா?" என்றும் கேட்பார்கள். ஒரு வீட்டில் இதைப் பேசிப் பேசி இரண்டு நாள் போனது. கடைசியில் பாட்டிதான் "மருந்துக்கு ஏதுடி தோஷம்" என்று முடித்துவைத்தார்.

லைன் இருக்கும்போது காய்ச்சல் வந்தால்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். சென்ட்ரல் லைன் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டுவிட்டால் உடனே மருத்துவமனை. பாரசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்ப்பது கிடையாது, பக்கத்துக் கிளினிக்கில் சிரப் வாங்குவது கிடையாது. லைனில் கிருமி ஏறினால் அது நேராக ரத்தத்தில்தான் இருக்கிறது. சில மணி நேரத்தில் குழந்தை துவண்டுவிடும். லைனிலிருந்து ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) அனுப்பிவிட்டு உடனே ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்க வேண்டும். காய்ச்சலே இல்லாமல் டி.பி.என். மாட்டியதும் நடுங்கினாலும் இதே அர்த்தம்தான்.

பல ஊர் அவசர சிகிச்சைப் பிரிவில் புது ஆளுக்கு இது தெரிந்திருக்காது. "சளிக்காய்ச்சல்தானே" என்று வரிசையில் உட்காரச் சொல்வார்கள். அதனால் உங்கள் டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் நாலு வரி எழுதி வாங்கி லேமினேட் செய்து பையில் வையுங்கள்: குழந்தைக்கு சென்ட்ரல் லைன் இருக்கிறது, காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கல்ச்சரும் இந்த ஆன்டிபயாட்டிக்கும், தொலைபேசி எண் இது. வாய்விட்டுச் சண்டை போடுவதைவிட அந்தத் தாள் வேகமாக வேலை செய்யும்.

வராமல் தடுக்க: கையை சோப்புப் போட்டுக் கழுவுவது, லைனின் முனையை ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்த்துக் காயவிடுவது, டிரெஸ்ஸிங் நனைந்தால் உடனே மாற்றுவது. நம் ஊர் வேர்வையில் டிரெஸ்ஸிங் ஓரம் தூக்கிக்கொள்ளும், தினமும் பாருங்கள். ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் திறந்துவிட்ட குடல் வாய்) பை கழன்று லைன்மேல் வழிவதும் ஆபத்து, அதனால் லைனை மேலே நெஞ்சுப் பக்கமாக ஒட்டி வைப்போம். லைனுக்குள் கிருமியைக் கொல்லும் டாரோலிடின் அல்லது எத்தனால் நிரப்பிப் பூட்டிவைக்கும் முறையும் உண்டு. எத்தனால் என்றால் லைன் சிலிகானால் ஆனதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தொற்றிலும் ஒரு லைன் போகிறது, சில சமயம் அந்த ரத்தக்குழாயும் அடைத்துப்போகிறது. உடம்பில் லைன் போடத் தோதான பெரிய ரத்தக்குழாய்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

பாலை எப்படிக் கூட்டுவது? எவ்வளவு மலம் போனால் அதிகம்?

முதல் தேர்வு தாய்ப்பால். அது இல்லையென்றால், அல்லது ஒத்துக்கொள்ளவில்லையென்றால், புரதத்தை அமினோ அமிலமாகவே உடைத்து வைத்திருக்கும் ஃபார்முலா. மூக்குக்குழாயிலோ வயிற்றுக்குழாயிலோ சொட்டுச்சொட்டாக ஓடவிட்டால் குடல் கூடுதலாக உறிஞ்சும்.

மலம் எவ்வளவு என்பதற்குப் பல மையங்கள் வைத்திருக்கும் கணக்கு இது. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 10 கிராமுக்குக் கீழே மலம் போனால் பாலைக் கூட்டலாம். 10-க்கும் 20-க்கும் நடுவில் என்றால் அப்படியே நிறுத்திப் பார்க்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் குறைக்க வேண்டும். 4 கிலோ குழந்தை என்றால் 40 கிராம், 80 கிராம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோமா உள்ள குழந்தைகளுக்குக் கணக்கு வேறு, அங்கே இன்னும் தாராளமாக விடுவார்கள்.

இதற்கு ஒரு சமையலறைத் தராசு போதும், ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு. காய்ந்த டயப்பரின் எடையை மேலே எழுதி வைத்துக்கொண்டு, நனைந்த டயப்பரை நிறுத்துக் கழியுங்கள். சிறுநீர் கலந்துவிடுமே என்பீர்கள். கலக்கும்தான். முன்பக்கம் பஞ்சோ சின்னத் துணியோ வைத்துத் தனியாகப் பிரிக்கப் பாருங்கள், முடியாதபோது "கலந்தது" என்று எழுதுங்கள். நோட்டில் நாலு கோடு: நேரம், பால், மலம், சிறுநீர். ஒரு அப்பா, லாரி டிரைவர், ட்ரிப் ஷீட் எழுதிய பழக்கத்தில் அவ்வளவு சுத்தமாக எழுதுவார். ரவுண்ட்ஸ் வரும் பேராசிரியர் கேஸ் ஷீட்டை விட்டுவிட்டு அவர் நோட்டைத்தான் கேட்பார்.

ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். பாலையும் கூட்டி மருந்தையும் மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது.

பால் நன்றாகப் போகிறது, மலமும் பரவாயில்லை. ஆனாலும் எடை ஏறவில்லையே?

சிறுநீரில் சோடியம் பார்த்தார்களா என்று கேளுங்கள். இந்தக் குழந்தைகள் மலத்தோடு உப்பை இழந்துகொண்டே இருப்பார்கள். உடம்பில் உப்புக் குறைந்தால் எவ்வளவு கலோரி கொடுத்தாலும் வளர்ச்சி நின்றுவிடும். ரத்தப் பரிசோதனையில் சோடியம் சரியாகவே காட்டும், ஏனென்றால் சிறுநீரகம் கடைசிக் கல் உப்பையும் பிடித்து வைத்து ரத்தத்தைச் சரிக்கட்டிவிடும். சிறுநீர்ச் சோடியம் லிட்டருக்கு 20, 30 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால்தான் குட்டு வெளிப்படும். உப்புக் கரைசல் சேர்த்த இரண்டு வாரத்தில் எடை ஏறிய குழந்தைகள் நிறைய. மலிவான பரிசோதனை இது, ஆனாலும் அடிக்கடி மறந்துபோகிறது.

துத்தநாகமும் இப்படித்தான். வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் தோல் உரிந்து சிவந்தால் டயப்பர் புண் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இளநீர், உரைமருந்து, தேங்காயெண்ணெய்?

உரைமருந்து வேண்டவே வேண்டாம். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் கல்லில் உரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் அன்பின் ஒரு வடிவம் என்று எனக்குத் தெரியும். இந்தக் குடலுக்கும் கல்லீரலுக்கும் அது தாங்காது. பாட்டிக்கு வருத்தமாக இருந்தால் டயப்பர் நிறுக்கும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. நம் குழந்தைக்குத் தேவை நேர்மாறு. பழச்சாறும் குளுக்கோஸ் தண்ணீரும் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். தாகத்துக்கு ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து. ஓ.ஆர்.எஸ். மாதிரி டெட்ரா பேக்கில் விற்கும் இனிப்புப் பானங்களை நம்பாமல், உலக சுகாதார நிறுவன அளவில் தயாரித்ததா, லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேங்காயெண்ணெயில் எம்.சி.டி. (நடுத்தர நீளக் கொழுப்பு) இருக்கிறது என்று யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறார்கள். பித்தம் குறைவாக இருந்தாலும் உடம்பில் எளிதாகச் சேரும் அந்த வகைக் கொழுப்பு அதில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கிறது. அளந்து செய்த எம்.சி.டி. எண்ணெயும் அதுவும் ஒன்றில்லை. தவிர, குடலை வளரத் தூண்டுவதில் நீண்ட வகைக் கொழுப்பே கெட்டிக்காரன், அதனால் முழுக்க எம்.சி.டி.க்கு மாறுவதும் நல்லதில்லை.

திட உணவு எப்போது? வாய்ப்பக்கம் ஸ்பூனைக் கொண்டுபோனாலே அழுகிறானே?

மற்றக் குழந்தைகளைப்போல ஆறு மாதத்தை ஒட்டித்தான். குறைமாதம் என்றால் திருத்திய வயதுக் கணக்கு, அதாவது பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவது. குழைந்த சோறு, பருப்பு, மசித்த கோழி அல்லது முட்டை, கொஞ்சம் எண்ணெய். இனிப்பைத் தள்ளிவையுங்கள், பிஸ்கட் உட்பட. பெருங்குடல் இருக்கும் குழந்தைக்கு வேகவைத்து மசித்த வாழைக்காயும் கேரட்டும் மலத்தைக் கெட்டியாக்க உதவும். பெருங்குடல் இருந்து கொழுப்பும் சரியாகச் சேராத குழந்தைக்குச் சிறுநீரகக் கல் வரலாம் என்பதால் பசலைக்கீரை, பீட்ரூட், சாக்லேட்டை அளவோடு.

அழுவதற்குக் காரணம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து வாய்ப்பக்கம் வந்ததெல்லாம் டியூப், சக்‌ஷன், பிளாஸ்டர். வாய் என்றாலே வலி என்று பதிந்துவிட்டது. சின்னக் குழந்தையாக இருக்கும்போதே, டியூபில் பால் ஓடும் நேரத்தில் ஒரு மில்லி தாய்ப்பாலையாவது நாக்கில் வையுங்கள், விரலைச் சப்பக் கொடுங்கள். பெரிய குழந்தை என்றால் வற்புறுத்தாமல் எல்லாரும் சாப்பிடும் நேரத்தில் கூடவே உட்கார வைத்து ஒரு இட்லித் துண்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். அதைப் பிய்த்துத் தலையில் பூசிக்கொள்ளட்டும். வாய்க்குப் போக ஆறு மாதம்கூட ஆகலாம்.

சாப்பிட்ட பிறகு சில நாள் குடித்தவன் மாதிரி தள்ளாடுகிறான், பேச்சு குழறுகிறது. வலிப்பா?

டி-லாக்டிக் அசிடோசிஸாக இருக்கலாம். செரிக்காத மாவும் சர்க்கரையும் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து ஒருவகை அமிலத்தை உண்டாக்கும். இட்லி மாவு பொங்குகிற அதே சங்கதிதான். சாதாரண லாக்டேட் பரிசோதனை இந்த வகையைக் காட்டாது, எல்லாம் நார்மல் என்று வரும். அதனால் "ஷார்ட் பவல் குழந்தை, டி-லாக்டேட்டா பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். மாவுச்சத்தை நிறுத்தி, குடல் பாக்டீரியாவைக் குறைக்கும் ஆன்டிபயாட்டிக்கை வாய்வழியாகக் கொடுத்தால் தெளியும்.

குடலை நீளமாக்க ஆபரேஷன் உண்டாமே?

உண்டு, ஆனால் குடல் விரிந்து தளர்ந்துபோயிருந்தால்தான். மான்செஸ்டரின் ஏட்ரியன் பியாங்கி 1980-இல் சொன்ன முறையில், அகலமான குடலை நீளவாக்கில் இரண்டு குழாயாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பார்கள். 2003-இல் பாஸ்டனிலிருந்து வந்த ஸ்டெப் முறையில், ஸ்டேப்ளரால் ஒரு பக்கத்திலிருந்து பாதி, மறுபக்கத்திலிருந்து பாதி என்று மாற்றி மாற்றிக் குத்தி, குடலை வளைந்து வளைந்து போகும் ஒடுங்கிய நீளமான குழாயாக ஆக்குவார்கள். மறுபடி விரிந்தால் திரும்பவும் செய்யலாம். இரண்டிலும் புதுக்குடல் எதுவும் சேர்வதில்லை. இருப்பது ஒழுங்காக நகர்த்த ஆரம்பிக்கிறது, தேங்கிப் பாக்டீரியா பெருகுவது குறைகிறது.

அதற்கு முன்னால் எளிமையான கேள்வி ஒன்று: ஸ்டோமாவுக்குக் கீழே சும்மா கிடக்கும் குடல் இருக்கிறதா? இருந்தால் அதை எப்போது சேர்ப்பீர்கள் என்று சர்ஜனிடம் கேளுங்கள்.

டெடுக்ளுடைட் ஊசி?

குடல் தானே சுரக்கும் ஜி.எல்.பி.-2 ஹார்மோனின் நகல். தினமும் தோலுக்கடியில் போட வேண்டும். அமெரிக்காவில் 2012-இல் பெரியவர்களுக்கும் 2019-இல் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் அனுமதித்தார்கள். டி.பி.என். அளவு குறைகிறது, சிலருக்கு நின்றும்விடுகிறது. விலை நம் சம்பளங்களுக்கு எட்டாதது. நிலத்தை விற்று வாங்கலாமா என்று கேட்டவருக்கு நான் சொன்னது: முதலில் உப்பு, லைன், கொழுப்பு மூன்றும் சரியாக இருக்கிறதா பார்ப்போம், நிலம் அங்கேயே இருக்கட்டும்.

குடல் மாற்று செய்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா?

கல்லீரல் கைவிட்டால், லைன் போட ரத்தக்குழாய் தீர்ந்துபோனால், உயிரைப் பறிக்கும் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பேச்சு வரும். சென்னையிலேயே குழந்தைகளுக்கு நடந்திருக்கிறது. பெற்றோரின் சிறுகுடலில் ஒரு பகுதியை எடுத்து வைப்பதும் உண்டு. ஆனால் உடம்பு மிகக் கடுமையாக எதிர்க்கும் உறுப்புகளில் குடல் ஒன்று. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து ஆயுள் முழுக்க வேண்டும், வைத்த குடல் பல வருடம் நிலைக்கும் என்று உறுதியும் தர முடியாது. அதனால் கடைசி வழியாகத்தான் வைக்கிறார்கள். ஆனால் கருத்துக் கேட்பதைக் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள். காமாலை இறங்காமல் நின்றாலோ இரண்டு லைன் இடம் போய்விட்டாலோ குடல் மாற்று செய்யும் குழுவை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

டி.பி.என்.னோடு வீட்டுக்குப் போக முடியுமா?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதுதான் வழக்கம். பெற்றோருக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்து, இரவில் பம்ப் ஓட, பகலில் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. நம் நாட்டில் பெரிய நகரங்களில் சில குடும்பங்கள்தான் செய்கின்றன. பையை யார் கலந்து தருவது, குளிர்ச்சி கெடாமல் யார் கொண்டுவருவது, மின்சாரம் போனால் என்ன, மாதாமாதம் பணம் யார் தருவது என்று நாலு முட்டுக்கட்டை. அதனால் இங்கே பல குழந்தைகள் மாதக்கணக்கில் வார்டிலேயே வளர்கிறார்கள். முதல் பல்லும் முதல் தவழலும் அந்தக் கட்டிலிலேயே நடப்பதைப் பார்த்திருக்கிறேன். காப்பீட்டில் எது வரும், எது வராது என்று முதல் வாரமே மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் எழுத்தில் கேளுங்கள்.

தடுப்பூசி போடலாமா?

போட வேண்டும், அட்டவணைப்படி. ரோட்டா வைரஸ் சொட்டை மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு.

டி.பி.என்.னை எப்போது நிறுத்துவார்கள்? அதோடு முடிந்ததா?

பால் ஏற ஏற டி.பி.என். இறங்கும். கடைசிக் கட்டத்தில் வாரத்தில் ஒரு ராத்திரி நிறுத்திப் பார்ப்பார்கள், பிறகு இரண்டு. எடை, உயரம், சிறுநீர்ச் சோடியம் மூன்றும் நிலைத்து நிற்கிறதா என்று பார்ப்பார்கள். முழுக்க நிறுத்திய பிறகும் லைனைக் கொஞ்ச காலம் விட்டுவைப்பது வழக்கம், ஒரு வயிற்றுப்போக்கு வந்து எல்லாம் திரும்பிவிடலாம் என்பதால். சிலருக்கு ஒரு வருடம், சிலருக்கு ஐந்து வருடம்.

நிறுத்திய பிறகுதான் வைட்டமின்கள் சத்தமில்லாமல் குறையும். அதுவரை பையிலிருந்து வந்துகொண்டிருந்தன, இனி குடல்தான் எடுக்க வேண்டும். ஏ, டி, ஈ, கே, இரும்பு, துத்தநாகம், தாமிரம் எல்லாம் வருடத்துக்கு இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். இலியத்தின் கடைசிப் பகுதி போன குழந்தைக்குக் கல்லீரலில் சேர்த்து வைத்த பி12 தீர ஒன்றிரண்டு வருடம் ஆகலாம், அதனால் "இப்போது நார்மல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். ஊசி தேவைப்பட்டால் அது ஆயுளுக்கும்தான். அடுத்த முறை ரத்தம் கொடுக்க வரும்போது ஆபரேஷன் குறிப்பின் நகலையும் அந்த நாலு கோடு போட்ட நோட்டையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.